மிகையாக மதிப்பிட முடியாது

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வஞ்சிரமும் முருங்கைக்காயும் தேடி வரும் தமிழர்களுள், அம்மூன்று எழுத்துகள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைக் குறிப்பவை என்பதை நினைப்பவர் சிலரே. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். 1943இல் உருவான ஜான்சி ராணிப் படையிலும் தமிழ்ப் பெண்கள் மிகுதி.

அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: 'தேர் ரோல் கேனாட் பீ ஓவரெஸ்டிமேட்டட்.' இது பாராட்டு. ஆனால் 'அவர்களது பங்கை மிகையாக மதிப்பிட முடியாது' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை என்றே தமிழ்ச் செவிக்குக் கேட்கும். 'மிகைப்படுத்த முடியாது' என்றாலோ இன்னும் மோசம்.

ஓவரெஸ்டிமேட் என்பதும் மிகைப்படுத்துதலும் ஒன்றல்ல. மீன் கடையில் ஒரு வஞ்சிரத்தைப் பார்த்து 'இரண்டு கிலோ தேறும்' என வாங்குபவர் எண்ணுகிறார். தராசு ஒன்றரை காட்டுகிறது. அவர் செய்தது ஓவரெஸ்டிமேட், வெறும் கணிப்புப் பிழை. ஒன்றரை என்று தெரிந்தே விற்பவர் இரண்டு என்றால் அது மிகைப்படுத்தல். முன்னது மனத்தில் நிகழ்வது, பின்னது நாவில். படைவீரர்களைப் பற்றிய வாக்கியத்தில் பின்னதை வைத்தால், வராத பொய்க்கு மறுப்புச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஆங்கிலேயரும் இங்கே இடறுவதுண்டு. பாராட்டவே எண்ணி 'கேனாட் பீ அண்டரெஸ்டிமேட்டட்' என்று எழுதிவிடுவர். 'கேனாட்' என்னும் ஒரே சொல் இயலாமையையும் விலக்கையும் சுமப்பது இதற்கொரு காரணம். நமக்கோ முடியாது வேறு, கூடாது வேறு. 'குறைத்து மதிப்பிடக் கூடாது' என்பதில் குழப்பமே இல்லை.

மேடைத்தமிழின் 'என்றால் மிகையாகாது' இதற்கு ஈடாகுமா? ஆகாது. அது சொன்ன அளவு சரி என்று மட்டுமே சாதிக்கிறது. ஆங்கிலத் தொடரோ எந்த அளவும் போதாது என்கிறது. (மேடைகளில் அத்தொடர் பெரும்பாலும் மிகையான கூற்றுகளுக்கே துணைபோவது தனிக்கதை.) உச்சவரம்பை நீக்க நம்மிடம் 'எவ்வளவு' என்ற சொல்லும் '-ஆலும்' என்ற ஈறும் உள்ளன: அவர்களது பங்கை எவ்வளவு உயர்வாக மதிப்பிட்டாலும் தகும்.