நாய்க்காயமும் நாங்களும்

ரொக்ஸ்பரோவுக்கு நாங்கள் வந்த முதல் வருடத்தில், ஒருநாள் நாய் வளர்ப்பீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இரண்டு அறை வீடு, எங்கள் இருவருக்கும் ஷிஃப்ற் வேலை, அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஆனாலும் பிள்ளைகளின் கரைச்சல் தாங்க முடியாமல் ஒரு பிராணிகள் காப்பகத்திலிருந்து ஒரு கலப்பு நாயைக் கொண்டுவந்தோம். பிள்ளைகள் கோக்கோ என்று பெயர் வைத்தார்கள். அம்மம்மா மட்டும் வீமன் என்றுதான் கூப்பிடுவார். ஊரில் எங்கள் வளவில் நின்ற நாயின் பெயர் அது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டு நடந்தபோது நாங்கள் விட்டுவிட்டு வந்த நாய். அதைப் பற்றி வீட்டில் அதிகம் கதைப்பதில்லை.

எம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது பிள்ளைகளுக்காக நாய் வாங்குகிறார்கள். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவலாம் என்பதால், வெட்கமாக இருந்தாலும் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறோம்.

முதற்காயம் ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. கூயான் வீதியால் நடந்து ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். றிவியேர் தே பிரேரி ஆற்றின் ஓரத்தில் உடைந்த பனிக்கட்டி கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடக்கும். கோக்கோ அதில் கால் வைத்து உள்ளங்காலை வெட்டிக்கொண்டது. வீடு வரையும் இரத்தப் பொட்டு. அம்மம்மா பதறவில்லை. சுத்தமான துணியை மடித்து, பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஒரே பிடியாக அமத்திப் பிடித்தார். இரத்தம் நின்றது. கொதித்தாறிய தண்ணீர் இரண்டு கப்பில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, மெதுவாகத் துடைத்து, துணி சுற்றி, வெளியே போகும்போது மட்டும் ஒரு பிளாஸ்ரிக் பை கட்டினார். தெருவில் பனிக்குப் போட்ட உப்பு அப்போதும் மிச்சமிருந்தது, அது காயத்தில் பட்டால் எரியும். ஒரு கிழமைக்குள் கோக்கோ ஓடித் திரிந்தது. காசு ஒன்றும் செலவில்லை.

பிறகு நடந்ததற்கு இந்த வெற்றிதான் காரணம் என்று இப்போது நினைக்கிறோம்.

ஊரில் நாய்க்கு டொக்டர் என்று யார் போனார்கள்? இலங்கை முழுவதற்கும் மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையில் ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்தில் மிருக வைத்தியர் என்றால் மாட்டு டாக்குத்தர்தான், பால்மாட்டுக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். முட்கம்பியில் கிழித்துக்கொண்டு வரும் நாய்க்கு உப்புத்தண்ணீர், மஞ்சள், வேப்பெண்ணெய். சொறி பிடித்தால் கழித்த எஞ்சின் எண்ணெய் பூசியவர்களையும் கண்டிருக்கிறோம். ஆறின நாய்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஆறாத நாய் வேலி மூலையில் போய்ப் படுக்கும், இரண்டு மூன்று நாளில் கதை முடியும், அதற்கு விதி என்று பெயர். கைவைத்தியத்தின் கணக்கில் அந்த நாய்களை யாரும் சேர்ப்பதில்லை.

இரண்டாவது காயம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். கயிறில்லாமல் வந்த ஒரு நாய் கோக்கோவின் தோள்பக்கத்தில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடியது. உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார், நாங்களும் பரவாயில்லை என்றோம். அவருடைய பெயரையோ, நாய்க்கு ஊசி போட்டதா என்பதையோ கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மயிரை விலக்கிப் பார்த்தால் இரண்டு சின்ன ஓட்டைகள், பென்சில் முனை அளவு. இரத்தமும் பெரிதாக இல்லை. உள்ளங்கால் வெட்டோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை. உப்புத்தண்ணீரால் துடைத்து, அம்மம்மா மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஓட்டைகள் மூடிவிட்டன. சந்தோசப்பட்டோம். சனிக்கிழமை கோக்கோ சாப்பிடவில்லை. ஞாயிறு தோள் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது, எங்களைப் பார்த்தே உறுமியது. நொந்த நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். தெரிந்த அண்ணை ஒருவர் ரெலிபோனில், "பாதி ரைலினோல் குடுங்கோ, நோ குறையும்" என்றார். குளிசையை உடைத்தும் விட்டோம். மூத்தவள்தான் எங்கோ படித்திருந்தாள். கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் சொன்னது சரி. ரைலினோலும், நாங்கள் ஊரில் பனடோல் என்று சொல்வதும் ஒன்றே. நாயின் ஈரலையும் இரத்தத்தையும் அது கெடுக்கும். அட்வில் அதைவிட மோசம், வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பழுதாகும். குழந்தைகளுக்குப் பூசுகிற துத்தநாகக் களிம்பும் நக்கினால் நஞ்சு. மனிதருக்குள்ள மருந்தை நாய்க்குக் கொடுப்பதென்றால் டொக்டரைக் கேட்டுத்தான்.

ஏன் அன்றைக்கே கொண்டு போகவில்லை? காசு ஒரு காரணம், எங்கள் மெடிக்கெயார் அட்டை நாய்க்குச் செல்லாது. மற்றக் காரணம் பயம். கியூபெக்கில் 2015 டிசம்பரில் வந்த சட்டம் பிராணிகள் பொருட்கள் அல்ல, உணர்வுள்ள உயிர்கள் என்று சொல்கிறது. காயம் பட்டாலோ வருத்தம் வந்தாலோ தேவையான பராமரிப்பைக் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தோம். நாள் கடத்திக் கொண்டுபோனால் நாயைப் பறித்துவிடுவார்களோ, எங்கள் பெயரை எங்காவது எழுதிவிடுவார்களோ என்று யோசித்தோம். அகதி விண்ணப்பம், விசாரணை என்று அலைந்தவர்களுக்கு இந்த யோசனை எப்படி வரும் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை 'வெத்தெறினேர்' என்று பலகை போட்டிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் ஓர் இளம் பெண், பிரெஞ்சு பேசினார். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, அவள்தான் மொழிபெயர்ப்பு. எப்போது கடித்தது என்று டொக்டர் கேட்டார். "நேற்றெண்டு சொல்லு பிள்ளை" என்றோம் தமிழில். அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்து "ஜெடி" என்றாள். கிழமை நாட்களின் பெயர் அளவுக்குப் பிரெஞ்சு எங்களுக்கும் தெரியும். வியாழன்.

டொக்டர் கோபப்படவில்லை. நாட்கணக்குச் சரியாகத் தெரிந்தால்தான் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கணிக்கலாம் என்றார். அவர் சொன்னதை மூத்தவள் சொல்லச் சொல்ல எங்களுக்கு விளங்கியது இதுதான்: நாயின் தோல் தளர்வானது. பல் இறங்கி மற்ற நாய் தலையை உதறும்போது வெளியே சின்னத் துவாரம்தான் தெரியும், உள்ளே சதையும் தோலும் பிரிந்துவிடும். பல்லோடு போன கிருமி அந்த இடைவெளியில் தங்கும். ஓட்டை விரைவில் மூடுவது நல்ல அறிகுறியல்ல, கதவைப் பூட்டிக் கள்ளனை உள்ளே விட்ட மாதிரி. எங்கள் மஞ்சள் அப்பு அந்தக் கதவுக்கு இன்னொரு திறப்பு. மஞ்சளில் நல்ல குணம் இல்லையென்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் கடை மஞ்சள்தூள் கிருமி நீக்கினது அல்ல, காயத்தின் நிறத்தையும் மறைத்துவிடும்.

ஓர் இடத்தில் மூத்தவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை. "அம்மா, உள்ளுக்குள்ள வெள்ளையா, மணக்கிறது" என்றாள். "சீழ்" என்றோம். அந்தச் சொல்லை அவள் அன்றுதான் பழகினாள்.

மயக்கம் கொடுத்து, மயிர் வழித்து, கீறிச் சீழ் எடுத்து, ஒரு சிறிய ரப்பர்க் குழாய் வைத்துத் தைத்தார்கள். நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை, நாய்க்கென்றே உள்ள நோமருந்து, நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்ரிக் கூம்பு. 600 டொலருக்குச் சற்று மேல் வந்தது. முதல் நாளே வந்திருந்தால் மயிர் வழித்து உள்ளே கழுவிக் குளிசையோடு அனுப்பியிருக்கலாம், மயக்கமும் குழாயும் தேவைப்பட்டிராது என்றார். காசை மிச்சம் பிடிக்கப் போய்க் கூடக் கொடுத்தோம். செலவு எவ்வளவு வரும் என்று தொடங்க முன்னரே கேட்கலாம், மதிப்பீடு எழுதித் தருவார்கள், தவணையில் கட்டலாமா என்றும் கேட்கலாம். அதைக் கேட்பது மரியாதைக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடித்த நாய்க்கு விசர் தடுப்பூசி போட்டிருந்ததா என்றும் கேட்டார். எங்களுக்குத் தெரியாது. கோக்கோவுக்கு ஊசி காலாவதியாகவில்லை, ஆனாலும் இன்னொன்று போட்டார். ஊரில் விசர்நாய்க் கடியென்றால் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளின் கதை அம்மம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கனடாவில் விசர் எங்கே என்று நினைக்கக்கூடாது. 2006இல் மொன்றெறிஜி பகுதியில் றக்கூன்களிடம் விசர் கண்டார்கள், 2024 கடைசியில் எஸ்த்றி பக்கம் திரும்பவும் வந்தது. ஆற்றங்கரை வீடுகளின் குப்பைத்தொட்டிக்கு இரவில் வருகிறவர்கள் யார் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கடித்த நாயைப் பற்றி நகரசபையின் 311 இலக்கத்துக்கு அறிவிக்கலாம் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இப்படி. மேல்தோல் சிராய்ப்பு, சின்னக் கீறல், நகம் நுனியில் உடைந்தது என்றால் அம்மம்மாவின் உப்புத்தண்ணீர்தான். சாராயம் மாதிரி எரிகிற ஸ்பிரிற்றும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் ஊற்றுவதில்லை, அவை ஆறுகிற சதையையும் சேர்த்து எரிக்கும். பத்து நிமிடம் அமத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்து கிடந்தாலோ, கண்ணுக்கோ மூட்டுக்கோ பக்கத்தில் என்றாலோ உடனே ரெலிபோன். தைக்க வேண்டிய காயத்தை முதல் சில மணித்தியாலத்துக்குள் தைத்தால்தான் நல்லது. கடி என்றால் எவ்வளவு சிறிதானாலும் அன்றைக்கே. வீட்டில் பார்க்கிற காயத்தையும் காலை மாலை பார்க்கிறோம். வீக்கம், சூடு, மணம், சாப்பாடு மறுப்பு, இதில் ஒன்று வந்தாலும் பிறகு யோசிப்பதில்லை. ரெலிபோனில் விபரம் சொன்னால் கொண்டுவர வேண்டுமா என்று அவர்களே சொல்வார்கள்.

குழாய் ஐந்தாம் நாள் எடுபட்டது. அந்த ஐந்து நாளும் கூம்போடு கோக்கோ கதவு நிலையில் எல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தது. அம்மம்மா இரவில் சோபாவிலேயே படுத்தார், அது நக்காமல் காவல். ஒருநாள் விடிய, "அந்த வீமனுக்கும் காலில ஒரு காயம் இருந்தது, கட்டி விட்டிட்டுத்தான் வந்தனான்" என்றார். இத்தனை வருடத்தில் எங்களுக்கு அவர் அதைச் சொன்னதில்லை.

கிளினிக்காரர் தந்த காந்தத்துண்டு குளிர்சாதனப்பெட்டிக் கதவில் இருக்கிறது. பிரெஞ்சில் உள்ள இலக்கத்தின் கீழ், சின்னவனைக் கொண்டு 'நாய் டொக்டர்' என்று தமிழில் எழுதுவித்தவர் அம்மம்மாதான்.