மூன்று கணவாய், இரண்டு இருக்கை

மூன்று கணவாய்களுக்கு மேலால் போகப்போகிறோம் என்று சொன்னபோது என்ர எட்டு வயது மகன் கேட்டான்: "கணவாய் எண்டா கறியெல்லோ அம்மா?"

அவனில் பிழை இல்லை. எங்கள் வீட்டில் கணவாய் சட்டியில் மட்டும்தான் வந்திருக்கிறது. மலைப் பாதையைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எல்லாரும் ஜேர்மனுக்கு மாறி "பாஸ்" என்றுவிடுவோம். உங்கள் வீட்டிலும் இப்படிச் சில சொற்கள் இருக்கும்.

கார் ஒரு பழைய எம்ஜிபி. மேல்மூடி திறக்கிற, இரண்டே இருக்கை உள்ள ஆங்கிலேயக் கார். நாலு வருடத்துக்கு முதல் வேலையில் கிடைத்த போனஸ் காசில் வாங்கினேன். அம்மாவுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. "புதுக் கார் வாங்க வசதியில்லையோ எண்டு ஆக்கள் கேப்பினம்" என்பார். கேட்டும் இருக்கிறார்கள்.

பிள்ளை இருக்கை பூட்ட இடமில்லாததால் மகன் வர ஏலாது. என்ர மனுசனுக்குத் திறந்த காரில் காது குத்தும். மிஞ்சியது அப்பா. போன வருடம்தான் ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருந்து அம்மாவோடு கொழுவுகிறார். "வாங்கோ அப்பா" என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா 1985-ல் சுவிசுக்கு வந்தவர். அதற்கு முதல் சுன்னாகத்தில் ஒரு கராஜில் ஆறு வருடம் வேலை செய்தவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் எங்களுக்கு இரண்டு மாமரம் இருந்தது என்பது எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும். நான் கண்ட அப்பா முப்பது வருடத்துக்கு மேலாக உணவகச் சமையலறையில் நின்ற அப்பா. இரவு பன்னிரண்டு மணிக்கு எண்ணெய் மணத்தோடு வந்து சத்தம் போடாமல் சப்பாத்தைக் கழற்றுகிறவர்.

அவருக்கு ஜேர்மன் பேசியது நான். எட்டு வயதிலிருந்து நகரசபைக் கடிதம், டொக்டர், காப்புறுதி எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்கும் நானே மொழிபெயர்ப்பாளர். "உங்கள் மகள் வகுப்பில் அதிகம் கதைக்கிறாள்" என்று ரீச்சர் சொன்னதை "நல்லாப் படிக்கிறாளாம்" என்று மாற்றியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வைத்து, "நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, நான் கதைக்கிறன்" என்று அவரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் கதைக்கவில்லை. பிறகும் பெரிதாகக் கதைக்கவில்லை.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. இன்னர்ட்கிர்ஷனில் ஒன்பது பழைய கார்கள் சேர்ந்தோம். கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் என்று மூன்று கணவாய் ஏறி இறங்கி அதே ஊருக்கே திரும்பி வரலாம், சுமார் 120 கிலோமீற்றர். கூட்டமாக ஓடுவதற்கு ஒரே ஒரு விதிதான்: உனக்குப் பின்னால் வருகிற கார் கண்ணாடியில் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அடுத்த சந்தியில் நில். எங்களுக்குப் பின்னால் வந்தவர் போஸ்ட்பஸ் ஓடி ஓய்வு பெற்ற ஒரு முதியவர், ஒரு பழைய ஃபியட்டில்.

கிரிம்சல் 2164 மீற்றர். கருங்கல்லும் அணைக்கட்டு நீரும்தான். அப்பா தொப்பியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் வந்தார். மேலே போனதும், அடுத்த பக்கம் கிளெட்ஷ் பள்ளத்துக்கு இறங்குகிற வளைவுகளும் அதற்கு எதிரே ஃபுர்காவுக்கு ஏறுகிற வளைவுகளும் ஒரே பார்வையில் தெரியும். முதல் தரம் பார்க்கிறவர்கள் வாயைத் திறப்பார்கள். அப்பா கேட்டது, "இறங்கேக்க எத்தினையாம் கியர்?" இரண்டு என்றேன். தலையாட்டினார். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சுட்டுப் பிடிக்காமல் போகும், ஏறுகிற கியரிலேயே இறங்கவேண்டும். இதை எனக்கு ஓட்டுநர் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அவருக்கு யார் சொன்னார்களோ, நான் கேட்டதில்லை.

ஃபுர்கா ஏறும்போது எஞ்சின் இருமத் தொடங்கியது. ரோன் பனியாற்றுக்குப் பக்கத்தில், ஒரு கொண்டை வளைவுக்குள் பெல்வெடேர் என்ற ஹோட்டல் இருக்கிறது, பூட்டிப் பல வருடம். 1964-ல் வந்த கோல்ட்ஃபிங்கர் படத்தின் கார்க் காட்சிகளை இந்தப் பாதையில்தான் எடுத்தார்கள் என்பதால் எல்லாரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். நாங்களும் எடுத்தோம். கீழே பனி உருகாமலிருக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அதைத்தான் அப்பா அதிக நேரம் பார்த்தார்.

திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடியும் திருப்பினேன். பின்னால் பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று நிற்காமல் அடித்தது. அந்த நேரம் பார்த்து மஞ்சள் போஸ்ட்பஸ் வளைவில் மூன்று சுர ஹோர்னை அடித்துக்கொண்டு வருகிறது. இந்தப் பாதைகளில் அதற்குத்தான் முன்னுரிமை. எனக்கு வேர்த்துவிட்டது.

"பிள்ளை, அமத்தாதை. பொனற்றைத் திற."

ஃபியட்காரரும் இறங்கி வந்து பேர்ண் ஜேர்மனில் ஏதோ கேட்டார். பழக்கதோசத்தில் நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு காபரேற்றரையும் குனிந்து மணந்தார். பிறகு அந்த மனிதரிடம் ஜேர்மனில் இரண்டே சொல் சொன்னார்: "சு ஃபெட்."

கொழுப்புக் கூட. சமையலறையில் முப்பது வருடம் கேட்ட சொல். ஆனால் ஜேர்மன்காரர் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடப் போவதற்கும் அதே சொல்லைத்தான் பாவிப்பார்கள். முதியவர் சிரித்துக்கொண்டு, "யா, யா, சு ஃபெட்!" என்றார். அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை.

விசயம் இதுதான். ஃபுர்கா உச்சி 2429 மீற்றர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால்வாசி குறைவு. காற்றுக் குறைய, பெற்றோல் கூடின கணக்காகிவிடும், எஞ்சின் இருமும். அதோடு சுட்ட எஞ்சினை நிறுத்தி வைத்தால் காபரேற்றருக்குள் இருக்கிற பெற்றோல் கொதித்து ஆவியாகும். அப்பா என் கழுத்துத் துணியை வாங்கித் தண்ணியில் நனைத்துக் காபரேற்றரில் சுற்றினார். பட்டுத் துணி, சொல்லிவைக்கிறேன். முதியவர் ஒரு சாவி கொடுக்க, அடியிலிருந்த நட்டை இரண்டு காபரேற்றரிலும் ஒரே அளவாகக் கொஞ்சம் திருகினார்.

"சோக் இழுக்காதை. அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணு."

கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. ஒன்பது கார்க்காரரும் கை தட்டினார்கள்.

ஆண்டர்மட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அப்பா என்னோடு இருக்கவில்லை. முதியவரோடு இருந்தார். பாதி ஜேர்மன், பாதி கை. மேசைக் கடதாசியில் படம் கீறுகிறார். ஊர் மொறிஸ் மைனரிலும் இதே எஸ்யூ காபரேற்றர்தான், அதற்கு ஒன்று, இதற்கு இரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று விளங்கப்படுத்துகிறார். வினைச்சொல் எல்லாம் பிழை. வேற்றுமை உருபு எதுவும் இல்லை. நான் அடுத்த மேசையிலிருந்து மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருந்தது. அவரை நினைத்து அல்ல.

வாசனுக்கு இறங்கியதும் நிறுத்தச் சொன்னார். "இஞ்ச காத்து கூட. திருப்பி விடோணும்." நட்டைப் பழையபடி வைத்தார். சுஸ்டன் பாதை 1938-க்கும் 1945-க்கும் இடையில் கட்டியது, காரை மனதில் வைத்தே போட்ட கணவாய்ப் பாதை. வளைவுகள் அகலமாக, ஒரே சீராகத் திரும்பும். "கார் ஓடத் தெரிஞ்சவன் போட்ட ரோட்டு" என்றார் அப்பா. அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பற்றி அங்கே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். திறந்த காரில் காற்றுச் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொல்லவேண்டும். கத்திச் சொல்கிற விசயமா அது? சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

பனி உருகிக் கணவாய்கள் திறக்கும் காலம் இந்த வருடமும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முதியவர் போன் எடுத்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு காபரேற்றரைக் கழற்றிவிட்டுப் பூட்ட முடியாமல் நிற்கிறேன், அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். கொடுத்தேன்.

"அம்மப்பா ஆரோட ஜேர்மன் கதைக்கிறார்?" என்றான் மகன்.

அப்பா "உஷ்" என்று அவனுக்கு விரலைக் காட்டிவிட்டு, போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.