வாளி ரெண்டு, ஆள் ரெண்டு!

'யாட் ரேஸ்' என்றதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடுகிறது? வெள்ளை பேன்ட், கூலிங் கிளாஸ், கையில் ஜூஸ், பின்னணியில் யாராவது டூயட் ஆடிக்கொண்டிருப்பார்கள்... அதானே? ஸாரி மக்களே! அதெல்லாம் சினிமாவில். நிஜத்தில் ஒரு சின்ன யாட்டைப் பந்தயத்துக்குத் தயார் செய்வதில் முக்கால்வாசி வேலை, படுத்துக்கொண்டு சுரண்டுவதுதான்!

படகின் அடிவயிற்றில் சுண்ணாம்புக் கொப்புளம் மாதிரி பார்னக்கிள் ஒட்டியிருக்கும். கடலில் கட்டிப்போட்ட எதையும் அது விடாது. அதோடு ஓடினால் படகு கம்பளிப் போர்வை கட்டிக்கொண்டு நீந்துகிற மாதிரிதான். ஆகவே கிரேனில் தூக்கி வைத்து, ஸ்க்ரேப்பரால் சுரண்டி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, மறுபடி ஒட்டாமல் இருக்க மருந்து கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை காலி. வாசனை? கருவாட்டுக் கடையில் குடியிருந்த மாதிரி. படகுக்கு ஸ்டைலாக ஓர் இங்கிலீஷ் பேர் உண்டு. நாங்கள் வைத்த பேர் 'கருவாடு'. அதுதான் நிலைத்தது.

கருவாட்டின் நீளம் 22 அடி. ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய், அவசரத்துக்கு ஒரு குட்டி அவுட்போர்டு இன்ஜின். சொந்தக்காரர் கப்பலில் சீஃப் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களுக்கு அவர் 'சீஃப்'. படகைக் கடன் கொடுக்க ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "எல்லா வேலையும் நீங்க ரெண்டு பேரே செய்யணும். கடல் நடுவுல மெக்கானிக் கிடைக்க மாட்டான்."

அந்த ரெண்டு பேரில் ஒருத்தி நான். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம், சொந்த ஊர் சேலம் பக்கம். கடலை முதன்முதலாகப் பார்த்ததே எட்டாம் வகுப்பு எக்ஸ்கர்ஷனில்தான். இன்னொருத்தி என் பார்ட்னர். காசிமேட்டுப் பொண்ணு, பி.காம் படிக்கிறாள். வீட்டு வாசலில் நின்று கல் எறிந்தால் கடலில் விழும். அப்பாவுக்குச் சொந்தமாக ஃபைபர் போட் இருக்கிறது. ஆனால் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் ஏறியதில்லை! அவங்க குப்பத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், கணக்கு பார்ப்பார்கள், கடன் வாங்கி அடைப்பார்கள். படகு ஏற மாட்டார்கள். வார இறுதி செய்லிங் வகுப்பில் சேர்ந்த பிறகுதான், பொறந்ததிலிருந்து பார்த்த கடல் மேல் அவள் முதல்முறையாகப் போனாள். அன்றைக்கு அவள் பேசவே இல்லை. வாந்தியா என்றால் இல்லை. எனக்குத்தான் அது.

ரெண்டு பேர் க்ரூ என்பது தனி ஜாதி விளையாட்டு. பெரிய படகில் எட்டுப் பத்து பேர் இருப்பார்கள். ஒருத்தருக்குத் தலைசுற்றினால் இன்னொருத்தர் வருவார். ரெண்டு பேரில் ஒருத்தி படுத்தால் பாதி ஊழியர் லீவு! ஆனாலும் இதில் ஜெயித்தவர்கள் உண்டு. 2013-ல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில், பெரிய பெரிய க்ரூக்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி ஒட்டுமொத்தப் பட்டத்தை அடித்தது ரெண்டே பேர்... பிரான்ஸைச் சேர்ந்த பாஸ்கல் லுவாசோன், அவர் பையன் அலெக்சிஸ். 2018 ஆசிய விளையாட்டில் சென்னை வர்ஷா கௌதமும் ஸ்வேதா ஷெர்வேகரும் ரெண்டு பேர் படகில் வெள்ளி வாங்கினார்கள். எங்க ஃபேவரிட் வேற ஜோடி. கடற்படையின் தில்னாவும், நம்ம புதுச்சேரி ரூபாவும்! 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி, 'தாரிணி' படகில் ரெண்டே பேராக உலகத்தைச் சுற்றிவிட்டு, 2025 மே 29-ல் திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல்!

எங்களுடையது 18 கடல் மைல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே தொடங்கி, நீலாங்கரைக்கு நேரே ஒரு மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சிரிக்காதீங்க. கிலோமீட்டரில் 33 வரும்.

சுரண்டல் முடிந்ததும் பாய்மரம். அதை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பது 19 இழை கொண்ட ஸ்டீல் கம்பி. சீஃப் எங்கள் கையில் கொஞ்சம் பஞ்சு கொடுத்து, "மேலிருந்து கீழே தடவுங்க" என்றார். ஏதாவது இழை அறுந்திருந்தால் பஞ்சு அதில் சிக்கும். லேப்பில் லட்ச ரூபாய் மெஷின் பார்த்த எனக்கு இது செம ஷாக். அதைவிட ஷாக், இடது பக்கக் கம்பியின் அடியில் நிஜமாகவே பஞ்சு சிக்கியது!

"பத்தொன்பதுல ஒண்ணுதானே சார். மீதி பதினெட்டு இருக்கே?" என்றாள் பார்ட்னர், பி.காம் கணக்கில். சீஃப் என்னைப் பார்த்தார். ஃபட்டீக்! படித்தது ஞாபகம் வந்தது. ஒரு இழை பாரம் அதிகமாகி அறவில்லை. லட்சம் தடவை இழுபட்டு, தளர்ந்து, இழுபட்டுக் களைத்துப்போய் அறுந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பதினெட்டும் அதே லட்சம் தடவை இழுபட்டவைதான். இடது பக்கம் பட்ட பாட்டை வலது பக்கமும் பட்டிருக்கும். ஆகவே ரெண்டு பக்கமும் புதுசு. பாரிமுனையில் அலைந்து கம்பி வாங்கியதில் எங்க ரெண்டு மாச பாக்கெட் மணி அவுட். செமஸ்டரில் அந்தச் சாப்டரை மனப்பாடம் செய்து எழுதினேன். இந்தக் கம்பியை மறக்கவே மாட்டேன்.

அடுத்து பாதுகாப்பு லிஸ்ட். கடல் பந்தயங்களுக்கு உலக செய்லிங் அமைப்பு ஒரு விதிப்புத்தகம் வைத்திருக்கிறது. பெருங்கடல் பந்தயம் வகை 0, கரையோரப் பகல் பந்தயம் வகை 4. எங்களுடையது கடைசி. ஆனாலும் லைஃப் ஜாக்கெட், வி.எச்.எஃப் ரேடியோ, ஒளிக்குண்டு, தீயணைப்பான், திசைகாட்டி என்று லிஸ்ட் நீள்கிறது. அதில் நான் ரசித்தது வாளி. கயிறு கட்டிய, 9 லிட்டருக்குக் குறையாத, உறுதியான வாளி ரெண்டு! ஒன்று தண்ணீர் இறைக்க. இன்னொன்று எதற்கு என்று ஆறு மணி நேரம் படகில் இருக்கப்போகிற பெண்களிடம் கேட்காதீர்கள். ஒரு பழைய பெட்ஷீட்டும் எடுத்துவைத்தோம்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ரத்தக் கதை உண்டு. 1979 ஃபாஸ்ட்நெட்டில் 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல். பந்தயத்தில் போனவர்களில் 15 பேர் திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் பாதுகாப்பு விதிகள் இறுகின. இதை அம்மாவிடம் போனில் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ... ஆனால் அவங்க கேட்ட கேள்விக்கு மழுப்ப மனசு வரவில்லை. "ஏங்கண்ணு, படிக்கத்தானே மெட்ராசுக்கு அனுப்பிச்சோம்?" என்று ஆரம்பித்தவர், ஒரு மணி நேரம் கழித்து, "அந்தப் புள்ளையோட அப்பா என்ன சொல்றாரு? அவரு சரின்னா சரி" என்று முடித்தார். ஸோ, ரெண்டு வீட்டு பர்மிஷனும் ஒரே ஆள் கையில்!

பார்ட்னரின் நைனா முதலில் பேசவே மறுத்தார். "கடலு இன்னா வெளாட்டு சாமானா? நாங்க சோத்துக்குப் போறோம். நீங்க எதுக்குப் போறீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்பவும் தெரியவில்லை. குப்பத்தில் வேறு, 'பொட்டப்புள்ளைய கடலுக்கு அனுப்புறான் பாரு' என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு வாரம் பார்ட்னர் பயிற்சிக்கே வரவில்லை. எட்டாவது நாள் வந்தாள், நைனாவோடு. "இன்னா பண்றீங்கன்னு காட்டுங்க. பாத்துட்டு சொல்றேன்."

அன்றைக்கு நாங்கள் பழகிக்கொண்டிருந்தது 'ஆள் தண்ணியில்' பயிற்சி. ரெண்டு பேர் படகில் இதுதான் நிஜமான பரீட்சை. ஒருத்தி விழுந்தால், மிச்சமிருக்கும் ஒருத்தி தனியாளாக மிதவையை வீச வேண்டும், தலையைக் கண்ணிலிருந்து தவறவிடக் கூடாது, பாயைத் திருப்பி படகைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் கஷ்டமே... தூக்குவது! பார்ட்னர் 61 கிலோ. நான் 48. ஈர டிரஸ், ஜாக்கெட் எல்லாம் சேர்த்தால் சான்ஸே இல்லை. கைகொடுத்தது ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ். பாய் ஏற்றும் கயிற்றில் நாலு மடிப்புக் கப்பி மாட்டினால், நான் இழுக்க வேண்டியது கால்வாசி எடைதான். கப்பியின் உராய்வு சேர்ந்து அதைவிட அதிகமாகத்தான் வந்தது. டெக்ஸ்ட் புக்கில் கப்பிக்கு உராய்வே கிடையாது, பாருங்கள்!

துறைமுகத்துக்குள் அலை இல்லாத தண்ணீரில் பார்ட்னர் குதித்தாள். முதல் தடவை நான் அவளைப் படகில் ஏற்ற 11 நிமிஷம் ஆனது. நைனா ஓரமாக உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை 5 நிமிஷம். பிறகு நான் குதித்தேன், அவள் தூக்கினாள். காசிமேட்டுக் கை, 3 நிமிஷம்!

"ரெண்டு பேரும் வுழுந்தா?" என்றார் நைனா.

அதற்குத்தான் டெதர். படகின் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு பட்டை கட்டியிருப்போம். இடுப்புக் கயிற்றின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவர் எழுந்து வந்து அந்தப் பட்டையைக் காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். பின்பக்க முடிச்சை அவிழ்த்து, வேறு விதமாகப் போட்டார். எப்படிப் போட்டார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"நீ இந்த ஜாக்கெட்டு போடறியா நைனா?" என்று பார்ட்னர் கேட்டாள். "அத்தப் போட்டுக்கினு வல இழுக்க முடியாதும்மா" என்றார். அவள் விடவில்லை. "அப்ப நீ வுழுந்தா யாரு கப்பி மாட்டுவா?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவர்தான் எங்க கோச்! மார்ச் மாசக் கடலைப் பற்றி அவர் சொன்னதை சீஃப் நோட்டில் எழுதிக்கொண்டார். விடியற்காலை கரைக்காற்று, மேற்கிலிருந்து. பத்து மணி வாக்கில் செத்துவிடும். பதினொன்று, பதினொன்றரைக்குத் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று. நீரோட்டம் தெண்டி, அதாவது தெற்கிலிருந்து வடக்கே. போகும்போது எதிர், வரும்போது சாதகம். கரையோரம் ஆழம் குறைவான இடத்தில் இழுப்பு கம்மி, வெளியே அதிகம். சாந்தோம் சர்ச் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் வைத்து, படகு நகர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். எங்க வகுப்பில் இதற்கு 'ட்ரான்ஸிட்' என்று பேர், தனி லெக்சர் உண்டு.

"காத்து செத்துச்சின்னா நங்கூரம் போட்ருங்க" என்றார். நான் முழித்தேன். பந்தயத்தில் நங்கூரமா? சீஃப் சிரித்தார். விதிப்படி தாராளமாகப் போடலாம்! காற்று இல்லாமல் எல்லாப் படகும் எதிர் நீரோட்டத்தில் பின்னால் போகும்போது, நின்ற இடத்தில் நிற்பவன்தான் முன்னால் போகிறவன். உடனே எங்க லிஸ்ட்டில் 60 மீட்டர் கயிறு ஏறியது.

கடைசியாக ஒரு கண்டிஷன் போட்டார். கரையோரம் போனால் நீரோட்டம் கம்மி, நேரம் மிச்சம். ஆனால் அங்கேதான் வலைகள் போட்டிருப்பார்கள். தெர்மோகோல், கறுப்புக்கொடி என்று அடையாளம் இருக்கும், அலையில் சரியாகத் தெரியாது. படகின் அடிக்கட்டையில் மாட்டினால் வலை கிழியும். "ஒர்த்தன் வலைய அறுத்துட்டு கப்பு வாங்கிக்கினு வராதீங்க. அத்த வாங்குன கடனே இன்னும் அடச்சிருக்க மாட்டான்." ரேஸுக்கு முந்தின ராத்திரி வரைபடத்தை விரித்து, கோட்டை அழித்து, ஒன்றரை கிலோமீட்டர் வெளியே தள்ளிப் போட்டோம். அவ்வளவு இழுப்பும் எதிரே வரும். பரவாயில்லை.

ஏழு படகு. காலை ஏழு மணிக்கு ஹார்ன். நாலு படகு கரையை ஒட்டியே போனது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்பதே முக்காலுக்குக் காற்று பொட்டென்று நின்றது. நங்கூரம் போட்டு லெமன் சாதம் சாப்பிட்டோம். எங்களுக்கு முன்னால் இருந்த ரெண்டு படகு மெதுவாக, மிக மெதுவாக, பின்னால் நகர்ந்து போனதை அவர்கள் முகத்தோடு சேர்த்துப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. மொத்தத்தில் நாலாவது இடம்.

திரும்பும்போது கடல்காற்றில் கருவாடு பறந்தது. அடையாறு முகத்துவாரத்துக்கு நேரே ஒரு ஃபைபர் போட் எங்களை நோக்கி வந்தது. சுக்கானில் பார்ட்னர். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் எழுந்து நின்று, "யார் வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கத்தினார். அவள் அப்பா பேரைத் திருப்பிக் கத்தினாள். காற்றில் அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை. இடது பக்கம் கையை நீட்டி, "வல கெடக்குது, வெளிய புடி!" என்றார்.

நான் முன்பாயின் கயிற்றைத் தளர்த்தினேன். அவள் வெளியே பிடித்தாள்.