ஆலும் விழுதும்

இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதிலேயே காலங்கழித்த எனக்குப் பந்தாட்டத்தில் நாட்டம் இருந்ததில்லை. 2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓரிரவு, நள்ளிரவு கழிந்தும் என் மகன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தான். உறக்கம் கலைந்து எழுந்த யான், “இந்த வேளையில் என்ன ஆட்டம்?” என்று கடிந்தேன். “அப்பா, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்க் கடலில் விழுந்து மாண்டவர்களுக்காக இவர்கள் ஆடுகிறார்கள்” என்றான் அவன். அச்சொல் என்னையும் அங்கே அமரச் செய்தது. அன்று கண்டதையும் பின்னர்ப் படித்தறிந்ததையும் இங்கே கூறுவேன்.

ஆடியவர்கள் சாம்பியா நாட்டினர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், நாற்புறமும் நிலமே சூழ அமைந்தது அந்நாடு. 1964ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அதன் பெருஞ்செல்வம் செம்பு. காங்கோ எல்லையை ஒட்டிய பகுதியில் கிட்வே, முபுலிரா முதலிய ஊர்கள் செம்புச் சுரங்கங்களாலேயே வளர்ந்தன. மண்ணின் ஆழத்தில் உழைத்து மேலே வந்த தொழிலாளர்க்குக் கால்பந்தே பெருங்களிப்பாயிற்று. ஆதலின், சுரங்க நிருவாகத்தார் ஆடுகளம் அமைத்தனர். கழகங்களுக்குப் பொருளுதவி செய்தனர். நன்கு ஆடுவோர்க்கு வேலையும் தந்தனர். கிட்வேயின் இன்கானா, முபுலிராவின் வாண்டரர்ஸ் ஆகிய புகழ்மிக்க கழகங்கள் இவ்வாறு தழைத்தவையே. தரைப்படை, காவல்துறை, மின்நிறுவனம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கழகங்கள் உண்டு.

இக்கழகங்களைச் சாம்பியக் கால்பந்துச் சங்கம் பல படிகளாக வகுத்துப் போட்டிகள் நடத்துகிறது. மேற்படியில் பின்தங்கிய கழகங்கள் கீழே இறங்கும்; கீழ்ப்படியில் முந்தியவை மேலே ஏறும். எனவே, சிறிய கழகமும் உயர்வை நோக்கி உழைக்கும். நாட்டுக்குழுவை மக்கள் ‘சிப்போலோபோலோ’ என்று அன்புடன் அழைப்பர். செப்புத் தோட்டாக்கள் என்பது அதன் பொருள். களத்துக்குச் செல்ல இயலாதோர் வானொலியைச் சூழ்ந்திருப்பர். டென்னிஸ் லிவெவே என்னும் வருணனையாளரின் குரலிலேயே ஒரு தலைமுறையினர் ஆட்டத்தைக் ‘கண்டனர்’ எனலாம்.

1988ஆம் ஆண்டு, சியோல் ஒலிம்பிக் போட்டியில் இக்குழு இத்தாலியை 4–0 என வென்று உலகை வியக்கச் செய்தது. அவற்றுள் மூன்று கோல்களை அடித்தவர் முபுலிராவில் பிறந்த கலுசா புவாலியா.

அவ்வெற்றிக்குப்பின் ஐந்தாம் ஆண்டில் பேரிடி விழுந்தது. 1993 ஏப்ரல் 27ஆம் நாள், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காகச் செனகல் நாடு நோக்கிச் சென்ற குழுவினர், படைத்துறை விமானம் ஒன்றில் பயணம் செய்தனர். காபோன் நாட்டுத் தலைநகராகிய லிப்ரவில்லில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு எழுந்த விமானம், சிறிது நேரத்தில் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 30 பேரும் மாண்டனர். அவர்களுள் 18 பேர் ஆட்டக்காரர். பயிற்சியாளர் காட்பிரே சிட்டாலுவும் மறைந்தார். குழுத் தலைவராகிய கலுசா, நெதர்லாந்தில் ஆடிவந்தமையால் தனியே செல்லவிருந்தார். அதனால் உயிர் பிழைத்தார். மாண்டோரை லுசாகா நகர விளையாட்டரங்கின் அருகே அடக்கம் செய்து நாடே அழுதது.

ஒரு குழு முழுவதும் அழிந்தபின் ஆட்டமும் அழிந்துபோகும் என்றே எவரும் கருதுவர். அவ்வாறு நிகழவில்லை. கழகங்களிலிருந்து புதிய இளைஞர் வந்தனர். டென்மார்க் நாடு அவர்களுக்குப் பயிற்சிக்கு இடமளித்தது. கலுசா மீண்டும் தலைமை ஏற்றார். மறுஆண்டே அப்புதுக்குழு ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டி, நைசீரியாவிடம் 2–1 எனத் தோற்றது. ஆலின் அடிமரத்தைக் கறையான் அரித்தாலும் விழுதுகள் அதனைத் தாங்கும் அன்றோ? சுரங்க ஊர்க் கழகங்களே அந்த விழுதுகள்.

2012ஆம் ஆண்டின் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி இரு நாடுகளில் நடைபெற்றது. சாம்பியாவின் முந்தைய ஆட்டங்கள் யாவும் எக்குவடோரியல் கினியிலேயே நடந்தன. இறுதி ஆட்டத்துக்குத் தேறினாலன்றி லிப்ரவில்லில் ஆட இயலாது. அவர்கள் தேறினர். ஆட்டத்துக்கு முன்னர்க் கடற்கரைக்குச் சென்று, மாண்டோர்க்கு மலர் சாத்தி வணங்கினர். அப்போது சங்கத் தலைவராயிருந்த கலுசாவும் உடனிருந்தார்.

யான் கண்டது அவ்விறுதி ஆட்டமே. வலிமைமிக்க ஐவரி கோஸ்ட் குழுவினரும் சாம்பியரும் கோல் ஏதுமின்றிச் சமமாக நின்றனர். பின்னர் நடந்த பெனால்டி உதைகளில் 8–7 எனச் சாம்பியா வென்றது. தொடக்கத்திலேயே காலில் அடிபட்டு அழுதவண்ணம் வெளியேறிய ஒரு வீரரைப் பயிற்சியாளர் தம் கைகளில் தூக்கிச்சென்று தோழர்களிடையே சேர்த்தார். என் கண்கள் நனைந்தன, “ஆட்டந்தானே!” என்று சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. 1990-களின் பிற்பகுதியில் சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, கழகங்கள் சிலவற்றின் ஆதரவு குன்றியது. விழுதும் பேணாவிடின் வாடும். வெற்றிபெற்ற பதினொருவரை உலகம் புகழும். அவர்களை உருவாக்கிய சிற்றூர்க் களங்களை யார் நினைப்பர்? மாணவர்களே, நீங்கள் நினையுங்கள்.