லூர்து நகரில் ஓர் இரவு

வேளாங்கண்ணியைக் ‘கீழ்த்திசை லூர்து’ என்று சொல்லி வளர்ந்த நாம், மசபியேல் கெபியின் முன் நிற்கும் பேறு பெற்றோம். 1858-ஆம் ஆண்டில் பெர்னதெத்துக்கு அன்னை பதினெட்டு முறை காட்சியளித்த இடம். அருகே காவ் ஆறு சலசலத்து ஓடுகிறது. ஆயினும் நம் உள்ளத்தை நிறைத்தது அவ்வூரைப் பற்றிய வேறொரு செய்தி.

அறிவு வளர்ச்சி குன்றிய இரு புதல்வரையுடைய பிரெஞ்சுத் தம்பதியர் ஒருவரைத் திருப்பயணக் குழுவில் சேர்க்க மறுத்துவிட்டனர். தனியே வந்தார்கள். தங்கிய விடுதியிலோ, பிறர் முகஞ்சுளிப்பார்கள் என்று, உணவை அறைக்கே அனுப்பினார்கள். அன்னையின் ஊரிலும் பொதுப் பந்தியில் இடமில்லை! நம் பங்குகளிலும் இத்தகைய பிள்ளையுடன் திருப்பலிக்கு வரக் கூசும் தாய்மார் உண்டன்றோ?

அந்த வேதனையிலிருந்து பிறந்ததே 1971-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பயணம். 15 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 12,000 பேர் வந்தனர். அவருள் 4,000 பேர் இக்குறையுடையோர். அன்று தொடங்கிய ‘விசுவாசமும் ஒளியும்’ இயக்கத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் நண்பர்களும் இன்றும் ஒன்றுகூடிச் செபிக்கின்றனர், உடனமர்ந்து உண்கின்றனர்.

இரவு மெழுகுதிரிப் பவனி. ‘ஆவே’ என்று பாடுந்தோறும் அனைவரும் திரியை உயர்த்துவது வழக்கம். நமக்கு முன்னே சென்ற வாலிபன் ஒருவன் நினைத்தபோதெல்லாம் உயர்த்தினான். தாய் வெட்கி அவன் கையைத் தாழ்த்தினாள். அருகிருந்த முதியவர் புன்னகைத்து, அவன் உயர்த்தியபோதே தம் திரியையும் உயர்த்தினார். தாய் கையை எடுத்துக்கொண்டாள்.