வடக்குச் சுவருக்கு ஏன் இன்னும் சாயம் அடிக்கல?

போன செவ்வாய்க்கிழமை பிரகாரம் சுத்தி வந்த ஒரு அம்மா, "சாயத்துக்குன்னு 300 வெள்ளி கொடுத்தேனே தம்பி, வடக்குச் சுவரு மட்டும் ஏன் சொறி பிடிச்ச மாதிரி நிக்குது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பணம் பத்திரமா இருக்கு. நடந்ததைச் சொல்லிடுறோம்.

போன வருஷம் திருவிழா அவசரத்துல அந்தச் சுவருக்கு எண்ணெய்ச் சாயம் அடிச்சது தொண்டூழியர்கள் நாங்கதான். மூணே மாசத்துல கொப்பளம். விரலால குத்தினா உள்ளே வெள்ளைப் பொடி. மழைதான் காரணம்னு நம்பினோம். விலை கூடின சாயமா வாங்கி இன்னும் ரெண்டு தடவை அடிச்சா போதும்னு காண்டிராக்டரும் சொன்னார். ஃபேக்டரியில எதையும் அளந்து பார்க்காம கை வைக்காத நாங்க, கோயில்ல மட்டும் ஏன் அதை மறந்தோமோ!

இந்தத் தடவை முதல்ல அளந்தோம். ஒண்ணரை அடி சதுரமா பிளாஸ்டிக் தாள் வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டு, சுவரில் மூணு உயரத்தில் ஒட்டினோம்: ஒரு அடி, மூணு அடி, ஆறு அடி. மறுநாள் காலையில் பார்த்தா, கீழே இருந்த ரெண்டு தாளிலும் சுவர்ப் பக்கம் முத்து முத்தா தண்ணி. ஆறடித் தாள் காய்ஞ்சு கிடந்தது. காத்து ஈரமா இருந்தா தாளின் வெளிப்பக்கம் வேர்க்கும். மழைத்தண்ணி மேலிருந்து இறங்கியிருந்தா ஆறடித் தாளும் நனைஞ்சிருக்கும். அப்போ தண்ணி தரையிலிருந்துதான் ஏறுது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்குற மாதிரி, செங்கலும் பூச்சும் தண்ணியை இழுக்கும். கூடவே உப்பும் வரும். ஈரம் ஆவியாகிற இடத்தில் உப்பு தங்கிடும், அதுதான் வெள்ளைப் பொடி. ஆவி போற வழியை எங்க எண்ணெய்ச் சாயம் அடைச்சிடுச்சு.

முள் குத்திப் பார்க்கிற ஈரமானியை நாங்க நம்பல. அது மின்சாரத்தை வச்சு அளக்குது, உப்பு இருந்தாலே கூடக் காட்டும். அதனால கீழ்ப்பூச்சில் 50 கிராம் சுரண்டி, அனுமதி வாங்கி, ஃபேக்டரி அடுப்பில் 105 டிகிரியில் எடை இறங்காத வரைக்கும் காய வச்சோம். மிஞ்சினது 46 கிராம். நாலு கிராம் தண்ணி!

எங்கிருந்து? கோமுகத்திலிருந்து வரும் அபிஷேகத் தண்ணி அந்தச் சுவரோரக் காவாயில்தான் ஓடுது. காவா வாயை அடைச்சு, தண்ணி நிரப்பி, கோடு போட்டோம். ஒரு மணி நேரத்தில் ரெண்டு விரல் இறங்கிடுச்சு. டைல்ஸுக்கு அடியில் விரிசல். பல வருஷமா பாலும் இளநீரும் சுவருக்குள்ளதான் போயிருக்கு.

காவாயைச் சரி பண்ணியாச்சு, பழைய சாயத்தையும் சுரண்டியாச்சு. சுவர் ஒன்பது அங்குலம். ஒரு அங்குலம் காய ஒரு மாசம்னு கட்டடக்காரங்க கணக்கு. நம்ம ஊர் ஈரத்துக்கு இன்னும் கூட ஆகலாம். மாசாமாசம் எடை பார்க்கிறோம். போன மாசம் 50 கிராமுக்கு மிஞ்சினது 47.

அதனால இந்தத் திருவிழாவுக்கு வடக்குச் சுவர் இப்படித்தான் நிற்கும். அந்த அம்மாகிட்டயும் சொல்லிட்டோம். "சரி, காயட்டும்"னாங்க. ஒரே ஒரு வேண்டுகோள்: பார்க்க நல்லா இல்லைன்னு அந்தச் சுவர்மேல பேனர் கட்டி மூடிடாதீங்க. காத்து படணும்.