நிற்கின்ற வண்டி

பாகாலா ஒரு புகைவண்டிச் சந்திப்பு. காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், தர்மவரத்திற்கான கிளை பிரிவது இங்கேதான். என் தந்தையார் இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றியவர். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த எனக்கு, வண்டிகளைப் பற்றிய முதற்பாடம் அவரிடமே கிடைத்தது.

சென்ற கோடையில் என் அண்ணன் மகளுக்கு 18 வயது நிறைந்தது. பழகுநர் உரிமம் பெற்றவுடன், "அத்தை, நீங்களே எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டும்" என்றாள். காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்தைப் பொருத்தினோம். இருக்கையில் அமர்ந்ததுமே அவள் கை சாவியை நாடியது.

"இறங்கு அம்மா. முதலில் வண்டியை ஒரு முறை சுற்றி வா" என்றேன்.

சக்கரங்களில் காற்று இருக்கிறதா, வண்டிக்கு அடியில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா, பின்னால் குழந்தையோ கன்றோ நிற்கிறதா என்று பார்த்து வந்தாள். பின்புறம் தாழ்வாக நிற்கும் உயிர் ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படாது. பிறகு கிளட்ச்சை முழுதும் அழுத்தக் கால் எட்டுமாறு இருக்கையை நகர்த்தினாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள், இருக்கைப் பட்டையை அணிந்தாள். கைப்பிரேக் இழுத்திருப்பதையும் கியர் நடுநிலையில் இருப்பதையும் உறுதி செய்த பின்னரே சாவியைத் திருப்பினாள். வலப்புறம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினாள்.

சில நாள்களில் நன்றாகவே ஓட்டினாள். ஒரு மாலை, சரிவான தெரு ஒன்றில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தாள். "பூ வாங்கிக்கொண்டு ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன், அத்தை."

என் நெஞ்சு திடுக்கிட்டது. உரிமம் பெற்ற புதிதில் நானும் இதே சொற்களைத்தான் சொன்னேன். அன்று கைப்பிரேக்கை இழுக்காமல் இறங்கிவிட்டேன். நான் பூவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, கார் ஓசையின்றிப் பின்னோக்கி உருண்டது. சரிவின் கீழே கூடையோடு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். வழியில் சென்ற ஒருவர் பெருங்கல் ஒன்றைச் சக்கரத்தின் அடியில் தள்ளினார். கூடைக்கும் காருக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது.

தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் நிலையத்திற்கு அழைத்துச் சென்று, தனியே நிறுத்தி வைத்திருந்த சரக்குப் பெட்டிகளைக் காட்டினார். கைப்பிரேக்குகள் இறுக்கப்பட்டிருந்தன, சக்கரங்களுக்கு மரக்கட்டைகள் அணை கொடுத்திருந்தன, சங்கிலியொன்று பெட்டியைத் தண்டவாளத்தோடு பிணைத்திருந்தது. "ஓடும் வண்டிக்கு ஓட்டுநர் இருக்கிறார். நிற்கும் வண்டிக்கு இவைதாம் ஓட்டுநர்" என்றார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டதும் அண்ணன் மகள் கதவை மெல்லச் சாத்தினாள். காலால் பிரேக்கை மிதித்தபடியே கைப்பிரேக்கை இழுத்தாள். காலைச் சற்றே தளர்த்தி, வண்டி நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். ஏற்றத்தை நோக்கி நிற்கும் காரை முதல் கியரிலும், இறக்கத்தை நோக்கி நிற்கும் காரைப் பின்னோக்குக் கியரிலும் விட வேண்டும் என்றேன். நடைமேடை இல்லாத தெருவாதலால் முன்சக்கரங்களை இடப்புற ஓரத்தை நோக்கித் திருப்பச் செய்தேன். வண்டி தப்பி உருண்டாலும் சாலையின் நடுவே செல்லாது. கதவை இடக்கையால் திறக்கச் சொன்னேன். அப்போது உடல் தானே திரும்பும். பின்னால் வரும் மிதிவண்டி கண்ணில் படும்.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. உரிமம் பெற்ற ஒருவர் இருக்கையில் இல்லாவிட்டால், பொறியை நிறுத்தி, வண்டி தானே நகராதவாறு செய்த பின்னரே அதைப் பொதுவிடத்தில் விடலாம் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு.

பூ வாங்கப் போகுமுன் அவள் ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்திற்கு அணை கொடுத்தாள். திரும்பி வந்ததும் காரைச் சுற்றி வந்து அக்கல்லை எடுத்தாள். சாலையில் விட்டுவிடாமல், ஓரத்து வேலியருகே கொண்டுபோய் வைத்தாள்.

"இருட்டில் யாரேனும் இடறி விழக்கூடும், அத்தை" என்றாள்.

அது நான் கற்றுக்கொடுக்காத பாடம்.